மகள் பெட்டியில் நட்சத்திர டாலர்: காட்பாடியிலிருந்து ஒரு தாயின் கேள்வி

கேள்வி:

நாங்கள் மூன்று தலைமுறையாக சி.எஸ்.ஐ. குடும்பம், காட்பாடியில் இருக்கிறோம். என் மகளுக்கு 23 வயது. இங்கிலாந்தில் மேற்படிப்பு முடித்துவிட்டு ஆறு வாரம் எங்களோடு இருக்க வந்திருக்கிறாள். துவைக்கத் துணி எடுக்கும்போது அவள் பெட்டியில் ஐந்து முனை நட்சத்திரம் போட்ட டாலர், படம் போட்ட சீட்டுக்கட்டு, கலர் கலராய் மெழுகுவர்த்தி, கையால் எழுதிய ஒரு நோட்டு எல்லாம் பார்த்தேன். கேட்டால், "நான் விக்கா, அது ஒரு மதம், பயப்படாதீங்கம்மா" என்கிறாள். ஆராதனைக்கு வருவதில்லை. "சூனியக்காரியை உயிரோடே வைக்கவேண்டாம்" என்று யாத்திராகமத்தில் இருக்கிறதே என்று அழுதேன். அதற்கு, "நீங்க நியூ இயர் ராத்திரி வாக்குத்தத்த அட்டை (அந்த வருஷத்துக்கென்று எடுக்கும் வேத வசனச் சீட்டு) எடுக்கிறீங்க, நான் இதை எடுக்கிறேன்" என்று சிரிக்கிறாள். எங்கள் ஜெபக்குழுவில் தீர்க்கதரிசனம் சொல்லும் ஒரு சகோதரி, என் ஓரகத்தி செய்துவைத்ததுதான் பிள்ளைமேல் இறங்கியிருக்கிறது என்கிறார். வரும் வெள்ளிக்கிழமை வீட்டில் உபவாச ஜெபம் வைத்து, அந்தப் பொருட்களை எரித்து, அவளுக்கு விடுதலை ஜெபம் செய்யவேண்டுமாம். மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. கணவர் வாயே திறக்கமாட்டேன் என்கிறார். நான் என்ன செய்ய?

பதில்:

சகோதரி, முதலில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நிறுத்துங்கள். காரணமெல்லாம் அப்புறம் பேசலாம். இதைப் படித்து முடித்ததும் அந்தச் சகோதரிக்கு போன் போட்டு, "இப்போது வேண்டாம்க்கா, நாங்களே வீட்டில் ஜெபம் பண்ணிக்கொள்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள். ஏன் என்று கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நான் குடும்ப ஆலோசகர், போதகர் இல்லை. ஆனால் உங்களைப் போலவே ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்து வளர்ந்தவள்தான், அதனால் உங்கள் பயம் எனக்குப் புரியாத பயம் இல்லை. வேலூர்ப் பக்கத்தில் எந்த மதமாக இருந்தாலும் செய்வினை, ஏவல் என்ற பேச்சு இல்லாத வீடு குறைவு. வாசலில் எலுமிச்சம்பழம் கிடந்தால் கிறிஸ்தவ வீட்டிலும் அதைத் தாண்டிப்போக யோசிக்கிறார்கள். உங்களுக்கு மகளின் டாலரைப் பார்த்ததும் இந்தப் பயமெல்லாம் மொத்தமாக வந்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் மகள் சொல்வது என்ன, நீங்கள் பயப்படுவது என்ன என்று முதலில் பிரித்துக்கொள்ளலாம் என்கிறேன்.

விக்கா பழங்காலத்து ரகசிய மதம் என்று அதைப் பின்பற்றுகிறவர்கள் சிலர் சொல்வார்கள். வரலாற்று ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. நாம் இன்று பார்க்கும் விக்கா 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் உருவானது. அதை வெளியே கொண்டுவந்தவர் ஜெரால்டு கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். வேடிக்கை என்னவென்றால், அவர் இளவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், அப்புறம் மலாயாவில் சுங்க இலாகா அதிகாரி. ரிட்டயர் ஆகி ஊர் திரும்பிய பிறகுதான் இதெல்லாம். இங்கிலாந்தில் 1735-லிருந்து இருந்த சூனியச் சட்டத்தை 1951-ல் எடுத்துவிட்டார்கள், 1954-ல் அவர் தன் புத்தகத்தை வெளிப்படையாகவே போட்டார். ஆக, உங்கள் மகள் கையில் வைத்திருக்கும் மதத்தின் வயது ஏறக்குறைய நம் பெற்றோர் வயது.

அவர்கள் ஒரு தேவியையும் கொம்புள்ள ஒரு தேவனையும் வணங்குகிறார்கள். பௌர்ணமியைக் கொண்டாடுகிறார்கள், பருவகாலத்தை ஒட்டி வருடத்துக்கு எட்டுப் பண்டிகை வைத்திருக்கிறார்கள், அதில் ஒன்று அக்டோபர் 31. சடங்கும் மந்திரமும் உண்டு, அதை மறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் சாத்தானை வணங்குவதில்லை, சாத்தான் என்று ஒருவன் இருப்பதாகவே அவர்கள் நம்புவதில்லை, அது கிறிஸ்தவர்கள் சொல்லும் ஆள் என்பார்கள். "யாருக்கும் தீங்கு வராதவரை உன் விருப்பப்படி செய்" என்பதுதான் அவர்களுடைய முக்கியமான விதி. நீ செய்வது மூன்று மடங்காக உன்னிடமே திரும்பிவரும் என்றும் பலர் நம்புகிறார்கள். அதாவது ஒருவர் குடியைக் கெடுக்கத் தகடு எழுதிப் புதைக்கும் வேலையை அந்த விதிப்படி நடக்கும் விக்காக்காரர் செய்யக்கூடாது. (இன்ஸ்டாகிராமில் "விட்ச்" என்று போட்டுக்கொள்ளும் எல்லாரும் விக்கா இல்லை, அங்கே சாபம் விடுகிறவர்களும் உண்டு, காசுக்கு எதையும் விற்கிறவர்களும் உண்டு. அதனால் மகள் எதைப் பின்பற்றுகிறாள் என்று அவளிடம்தான் கேட்கவேண்டும், கூகுளிடம் இல்லை.) 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து தன் மதம் விக்கா என்று எழுதியவர்கள் 13,000 பேர் அளவில்தான். டாரட் என்கிற அந்தச் சீட்டுக்கட்டும் முதலில் 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வெறும் விளையாட்டுக்குத்தான் இருந்தது, அதை வைத்துக் குறிபார்க்கும் வழக்கம் பிரான்சில் 18-ஆம் நூற்றாண்டில் பரவியது.

இதைச் சொன்னதும், "அப்படியானால் தப்பில்லை என்கிறீர்களா" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. வேதத்தை நம்புகிற ஒருவருக்கு இதில் சமரசத்துக்கு இடமே இல்லாத பகுதி இருக்கிறது. உபாகமம் 18-ஆம் அதிகாரம் குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம் பார்க்கிறவன், சூனியக்காரன், செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன் என்று வரிசையாகச் சொல்லி, இவர்கள் உங்களுக்குள்ளே இருக்கவேண்டாம் என்கிறது. கலாத்தியர் 5-ல் பவுல் பில்லிசூனியத்தை மாம்சத்தின் கிரியைகளில் வைக்கிறார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் குறிபார்ப்பது, மந்திரத்தால் சக்தியை வசப்படுத்துவது எல்லாவற்றையும் விலக்கச் சொல்கிறது. பெந்தெகொஸ்தே சபைகள் இதன் பின்னால் அசுத்த ஆவி இருக்கிறது என்று நேரடியாகவே சொல்வார்கள், நம் சி.எஸ்.ஐ. ஆயர்களில் பலர் அவ்வளவு தூரம் போகாமல் இது வேறு வழிபாடு, நம் வழி இல்லை என்பதோடு நிறுத்துவார்கள். எப்படிப் பார்த்தாலும் ஒரு கிறிஸ்தவத் தாயாக "எனக்கு இதில் உடன்பாடு இல்லை" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. சொல்லுங்கள், தயங்காதீர்கள். மகள் மனம் நோகுமே என்று எல்லாம் ஒன்றுதான் என்பது போல் நடித்தால் அதை அவளே நம்பமாட்டாள்.

ஆனால் அதே கலாத்தியர் பட்டியலை முழுக்க வாசியுங்கள். பில்லிசூனியத்துக்கு அடுத்த சொற்களே பகைகள், விரோதங்கள், வைராக்கியங்கள், கோபங்கள், சண்டைகள், பிரிவினைகள்தான். இந்தப் பகைக்கும் பிரிவினைக்கும் எந்த வீட்டிலாவது உபவாச ஜெபம் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி மகளைப் பற்றியது இல்லை, ஓரகத்தியைப் பற்றியது. ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்து, கண்ணால் பார்க்காத ஒன்றை, இன்னார்தான் செய்தார் என்று பேர் சொல்லிக் காட்டுகிறார். நீங்களும் கேட்டுக்கொள்கிறீர்கள். இதை ஒரு கோடாங்கி உடுக்கை அடித்துச் சொல்லியிருந்தால் நீங்கள் குறிசொல்வது என்பீர்கள், காதைப் பொத்திக்கொள்வீர்கள். ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுச் சொன்னால் அது வேறாகிவிடுமா? உபாகமம் 18 அந்தச் சீட்டுக்கட்டைத் தடுக்கிறது என்றால் இதையும் சேர்த்துத்தான் தடுக்கிறது. நான் பேசிப் பார்த்த பல குடும்பங்களில் கூடப்பிறந்தவர்கள் பிரிந்ததற்குச் சொத்துதான் காரணம் என்று வெளியே சொல்வார்கள். கொஞ்சம் தோண்டினால் "அவங்கதான் வெச்சாங்கன்னு சொன்னாங்க" என்ற ஒரு வாய்வார்த்தை இருக்கும். சொன்னது யார், எதை வைத்துச் சொன்னார் என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். பேர் அடிபடுவதும் பெரும்பாலும் விதவை, பிள்ளையில்லாதவள், இல்லாவிட்டால் வாய் கொஞ்சம் நீளமான மருமகள். உங்கள் ஓரகத்தி இதில் எந்த வகை என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

எண்ணாகமம் 23-ல், இஸ்ரவேலைச் சபிக்க அழைத்துவரப்பட்ட பிலேயாம் வாயிலிருந்தே வருகிற வார்த்தையை நம் வீடுகளில் எத்தனை பேர் மனப்பாடமாகச் சொல்வோம்: "யாக்கோபுக்கு விரோதமான மந்திரவாதம் இல்லை, இஸ்ரவேலுக்கு விரோதமான குறிசொல்லுதலும் இல்லை." அதை வாயால் சொல்லிவிட்டு, ஓரகத்தி வைத்தது என் பிள்ளைமேல் இறங்கிவிட்டது என்று ராத்திரி தூங்காமல் கிடந்தால், எதை அதிகமாக நம்புகிறீர்கள்? கடுமையாகக் கேட்கிறேன் என்று தெரியும். கேட்காமல் விட முடியவில்லை.

"உயிரோடே வைக்கவேண்டாம்" என்ற வசனத்தைச் சொல்லி அழுதேன் என்கிறீர்கள். அந்த வசனம் எங்கெல்லாம் போய் என்ன செய்தது என்று தெரிந்தால் பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத் தோன்றாது. 15-ஆம் நூற்றாண்டிலிருந்து 18 வரைக்கும் ஐரோப்பாவில் சூனியக்காரர் என்று தீர்ப்பெழுதிக் கொன்றவர்கள் 40,000-லிருந்து 60,000 வரை இருக்கும் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள், பெரும்பாலும் பெண்கள். கொன்றவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், செத்தவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். 1692-ல் அமெரிக்காவில் சேலம் என்ற ஊரில் (நம்ம சேலம் இல்லை) போதகர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வலிப்பு மாதிரி வந்தது, யார் செய்தது என்று கேட்டுக் கேட்டு அவர்களைப் பேர் சொல்லவைத்தார்கள். 19 பேரைத் தூக்கில் போட்டார்கள், ஒரு முதியவரைக் கல் ஏற்றி நசுக்கியே கொன்றார்கள். அஞ்சு வருஷம் கழித்து அந்த மாகாணம் முழுக்க அதற்காக உபவாச நாள் வைத்தார்கள். தீர்ப்புச் சொன்னவர்களில் ஒருவரான சாமுவேல் சூவல், தன் குற்ற அறிக்கையை ஆயர் வாசிக்க, சபை நடுவே எழுந்து நின்றார். ஜூரிகள் 12 பேரும் மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

அதற்கும் முன்னால் ஜெர்மனியில் பிரீட்ரிக் ஷ்பே என்று ஒரு இயேசு சபைக் குரு, சாகப்போகிற பெண்களிடம் பாவசங்கீர்த்தனம் கேட்டவர், 1631-ல் பேர் போடாமல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பயந்தால் குற்றவாளி, பயப்படாவிட்டாலும் குற்றவாளி, பிடிபட்டவள் தப்பிக்க வழியே வைக்காத விசாரணை இது என்று காட்டினார். வெள்ளிக்கிழமை உங்கள் ஹாலில் நடக்கப்போவதை இதோடு வைத்துப் பாருங்கள். பத்துப் பேர் சுற்றி நின்று, தலையில் எண்ணெய் வைத்து, "வெளியே போ" என்று கத்துவார்கள். அவள் பதிலுக்குக் கத்தினால் உள்ளே இருப்பது கத்துகிறது என்பார்கள். ஒன்றும் பேசாமல் நின்றால் ஊமையான ஆவி என்பார்கள். அழுதால் இறங்குகிறது என்பார்கள். 23 வயதுப் பெண், அவள் சம்மதம் இல்லாமல், அதுவும் அவளுக்குத் தெரியாமலே கூட்டிய கூட்டம். அன்று ராத்திரியே டிக்கெட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விடுவாள், அதற்கப்புறம் உங்கள் போனை எடுப்பாளா என்று நினைக்கிறீர்கள்?

எரிப்பதற்கு அப்போஸ்தலர் 19-ஐக் காட்டுவார்கள், எபேசுவில் மாயவித்தைப் புத்தகங்களைச் சுட்டெரித்தார்களே என்று. ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு மதிப்பு. உண்மைதான். ஆனால் அங்கே "தங்கள் புஸ்தகங்களைக் கொண்டுவந்து" என்றுதான் இருக்கிறது. விசுவாசித்தவர்கள் தாங்களாகவே, தங்களுடையதை. யாரும் அடுத்தவர் பெட்டியைத் திறந்து எடுத்துவந்து எரிக்கவில்லை. அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே, ஆவி ஓட்டுவதைத் தொழிலாக வைத்திருந்த ஸ்கேவாவின் ஏழு குமாரர், ஆவி பிடித்த ஒரே ஆளிடம் அடிவாங்கித் துணியில்லாமல் ஓடின கதையும் இருக்கிறது. அதைப் பற்றி ஏனோ பிரசங்கம் அதிகம் கேட்கமுடிவதில்லை.

சரி, மகளிடம் எப்படிப் பேசுவது.

பெட்டியைப் பார்த்ததற்கு முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். துணி எடுக்கப் போனேன், பார்த்துவிட்டேன், பயந்துவிட்டேன், அதற்கப்புறம் தொடவில்லை என்று. நோட்டைப் படித்திருந்தால் அதையும் மறைக்கவேண்டாம். பிறகு, வசனத்தை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, இதற்குள் எப்படிப் போனாய் என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேட்பது கஷ்டம், உங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் அவள் முடிக்கிறவரை விடுங்கள். வேலூர் வெயிலில் வளர்ந்த பிள்ளை, டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊரில் ஒரு அறையில் தனியாக இருந்திருக்கிறாள். கூட்டிச் சேர்த்துக்கொண்டவர்கள் யாராக இருந்தாலும் அவர்களோடு போயிருப்பாள் என்று நான் சொல்லவரவில்லை, அப்படிச் சொன்னால் அவள் நம்பிக்கையைக் கேலி செய்வதாகிவிடும். ஆனால் தனிமை அதில் எவ்வளவு, சபையில் யாராவது பெண் என்பதற்காக அவளை மட்டம் தட்டியது எவ்வளவு, உண்மையான நம்பிக்கை எவ்வளவு என்று அவள் சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும். ஒரு தேவியை வணங்கத் தேடிப்போன பிள்ளை, ஆண்களே அதிகம் பேசுகிற சபையில் எதைத் தேடினாள் என்பது கேட்க வேண்டிய கேள்வி.

வாக்குத்தத்த அட்டை விஷயத்தில் அவளுக்குப் பாதி நியாயம் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்ளுங்கள். வசனத்தை ஆறுதலாக எடுத்துக்கொள்வது வேறு, வருஷப் பலனாகப் பார்ப்பது வேறு. பிடிக்காத வசனம் வந்தால் திருப்பிப் போட்டுவிட்டு இன்னொன்று எடுக்கிறவர்களை எல்லாச் சபையிலும் பார்க்கலாம். நிச்சயதார்த்தத்துக்கு ராகுகாலம் தவறவிடாத கிறிஸ்தவ வீடுகளும் நம் ஊரில் எத்தனையோ, நாள்பார்க்கிறவனும் அந்த உபாகமப் பட்டியலில்தான் இருக்கிறான். இதை நீங்களே சிரித்துக்கொண்டு ஒத்துக்கொண்டால் அடுத்த வாக்கியத்தை அவள் கவனித்துக் கேட்பாள். அப்போது உங்கள் நம்பிக்கையைச் சொல்லுங்கள், "எனக்கு இயேசு இருக்கிறார், எனக்கு இது வேண்டாம், நீயும் திரும்பி வரவேண்டும் என்றுதான் ஜெபிக்கிறேன்" என்று. அவள் முன்னால் சொல்லுங்கள், அவள் முதுகுக்குப் பின்னால் ஜெபக்குழுவில் ஜெபக்குறிப்பாகக் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு ஒரு எல்லை வைப்பதில் தப்பில்லை. அறையில் மெழுகுவர்த்தி ஏற்றிச் சடங்கு செய்வது உங்கள் மனச்சாட்சிக்கு ஒத்துவரவில்லை என்றால் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வாள். டாலரைக் கழற்றச் சொல்லாதீர்கள்.

நான் கவலைப்படுவது வேறு சில விஷயங்களுக்குத்தான். நாள் கணக்கில் தூங்காமல் இருக்கிறாளா, சாப்பாட்டை விட்டுவிட்டாளா, யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது என்கிறாளா, செத்துப்போவதைப் பற்றிப் பேசுகிறாளா, யாராவது ஒருவர் பணம் கேட்டுக்கொண்டோ வீட்டோடு பேசாதே என்று சொல்லிக்கொண்டோ அவளைக் கையில் வைத்திருக்கிறாரா. இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடவேண்டாம், பாகாயத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் பக்கத்திலேயே இருக்கிறது, குடும்பத்தையும் உடன் வைத்துச் சிகிச்சை பார்ப்பதில் அவர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் தெரியவில்லை. சிரிக்கிறாள், பதில் பேசுகிறாள், உங்களைப் பயப்படாதீர்கள் என்கிறாள். வேறு மதத்துக்குப் போனது நோய் இல்லை. உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது என்றால் நீங்கள் ஒருமுறை போய்ப் பார்ப்பதும் நல்லதுதான்.

கணவரை விட்டுவிடாதீர்கள். ஓரகத்தி என்றால் அவருடைய சகோதரன் மனைவி, வாய் திறக்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இந்த வாரமே அவரையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். எதையும் விளக்கவேண்டாம், மன்னிப்பும் கேட்கவேண்டாம், ஓரகத்திக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. மகளும் சித்தியையோ பெரியம்மாவையோ பார்க்க வருகிறேன் என்றால் கூட்டிப்போங்கள்.

ஆயரிடம் பேச நினைத்தால் முதலில் தனியாக, நீங்கள் மட்டும் போங்கள். சவுல் ராத்திரியில் வேஷம் மாறி எந்தோரில் அஞ்சனம் பார்க்கிற பெண்ணிடம் போனபோது என்ன நடந்தது என்று 1 சாமுவேல் 28-ல் கடைசி வரை வாசித்திருக்கிறாரா என்று நைசாகக் கேட்டுப் பாருங்கள். கர்த்தரும் பதில் தராமல், தரையில் விழுந்து கிடந்த ராஜாவுக்குக் கன்றுக்குட்டி அடித்து அப்பம் சுட்டுச் சாப்பாடு போட்டவள் அவள்தான். அவள் செய்த குறியை வேதம் ஒத்துக்கொள்ளவில்லை, அவள் போட்ட சோற்றையும் மறைக்கவில்லை. இதைக் கேட்டு யோசிக்கிற ஆயராக இருந்தால் அவரிடம் மகளைப் பற்றிப் பேசலாம். உடனே எண்ணெய்ப் பாட்டிலை எடுக்கிறவராக இருந்தால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் "பொண்ணு எங்க, வரலையா" என்று கேட்பார்களே, அதற்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவைக்காதீர்கள், அடுத்த வாரமும் அதே பொய்யைச் சொல்லவேண்டிவரும். "இல்ல, அவ வரல" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர்கள் பிள்ளைகளைப் பற்றி விசாரியுங்கள்.